ஒற்றிக்கு ஆங்கிலம் என்ன?

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் காவியங்களையும் நாவல்களையும் எதிர்பார்த்து வானொலிப் பெட்டியை அண்டி வந்தவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு காணி உறுதி. அதுவும் அறுதி உறுதி அல்ல, ஒற்றி உறுதி. இலக்கியத் தொடரில் காணி உறுதிக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். யாழ்ப்பாணத்து மனிதர் தம் வாழ்நாளில் மிகக் கவனமாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசிக்கும் எழுத்து அது ஒன்றுதான்.

வலிகாமத்தில், எங்கள் அயலில் ஆறு பரப்புச் செம்மண் தோட்டக்காணி. 1989 இல் அதன் சொந்தக்காரி, விதவையான ஓர் அம்மா, தன் மகனை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக 40,000 ரூபாவுக்கு அதை ஒற்றி வைத்தார். ஒற்றி பிடித்தவர்கள் பக்கத்து வீட்டுக் கணவனும் மனைவியும். மனைவியின் காப்பும் சங்கிலியும் விற்றுத்தான் அந்தக் காசு புரட்டப்பட்டது. 1991 இல் அந்த அம்மாவும் மகளும் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒற்றி பிடித்தவர்கள் வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் செய்தார்கள். 1995 ஒக்டோபரில் வலிகாமமே எழும்பி நடந்தபோது அவர்களும் நடந்தார்கள். அடுத்த ஆண்டு திரும்பி வந்து கிணற்றை இறைத்து மீண்டும் செய்தார்கள்.

அந்த அம்மா ரொறொன்ரோவில் காலமாகிவிட்டார். மகள் பத்து வயதில் போனவர், வீட்டுத் தமிழ் பேசுவார், உறுதித் தமிழ் விளங்காது. பேரனோ அங்கே பிறந்தவர். அண்மையில் அவர் உறுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து வாங்கியிருந்தார். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஒற்றிக்கு ‘மோட்கேஜ்’ என்று போட்டிருந்தார். அகராதியைப் பார்த்தால் பிழை இல்லை. பேரன் அதை வாசித்துவிட்டு, ஊரில் அவர்களுக்குத் தெரிந்த, ஆங்கிலம் எழுதக்கூடிய ஒரே ஆளான எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கடன் கொடுத்தவர் எத்தனை வீதம் வட்டி எடுத்தார்? இதுவரை கட்டியது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு? கடன் ஈட்டில் இருக்கும்போது காணியை ஏன் அவர்கள் உழுகிறார்கள்? விளைந்ததற்குக் கணக்கு உண்டா?

அவருடைய மொழியில் இவை நியாயமான கேள்விகள். அவர் வாழும் ஊரில் மோட்கேஜ் என்றால் வீடு உங்களிடம் இருக்கும், மாதாமாதம் வங்கிக்குக் கட்டுவீர்கள். இங்கே அதற்கு ‘ஈடு’ என்று வேறு சொல் உண்டு. ஒற்றி அப்படியல்ல. காணி கைமாறுகிறது. வட்டி என்று ஒரு சதமும் இல்லை, விளைவே வட்டி. முதலைத் திருப்பிக் கொடுத்த அன்று காணி திரும்புகிறது. பத்து வருடம் ஆனாலும் முப்பது வருடம் ஆனாலும் முதல் அதே முதல்தான்.

நான் அந்தக் கேள்விகளைத் தமிழாக்கி வாசித்துக் காட்டியபோது அந்த வீட்டு அம்மா கேட்டார்: “எங்களை வட்டிக்காரர் எண்டோ அந்தப் பிள்ளை நினைச்சுக்கொண்டிருக்குது?”

நேயர்களே, இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘மோட்கேஜ்’ என்பது பழைய பிரெஞ்சு மொழியில் ‘செத்த ஈடு’ என்று பொருள்படும் சொல். 12ஆம் நூற்றாண்டில், கிளான்வில் என்பவரின் பெயரால் வழங்கும் ஆங்கிலச் சட்டநூல் அதை விளக்குகிறது. ஈடாக வைத்த நிலத்தின் வருமானத்தைக் கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்வார், ஆனால் அதனால் கடன் குறையாது. குறையுமானால் அது ‘உயிருள்ள ஈடு’. குறையாதது செத்த ஈடு. அதாவது எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு மோட்கேஜ் என்பது ஏறக்குறைய எங்கள் ஒற்றியேதான்! அந்த மொழிபெயர்ப்பாளர் செய்த பிழை இவ்வளவே: எண்ணூறு வருடம் பிந்தி வந்துவிட்டார்.

இந்தத் தடுமாற்றம் எங்களுக்குப் புதிதும் அல்ல. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினார்கள். அவர்கள் வியாபாரக் கும்பனி. யானையும் சாயவேரும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. ஆனால் ஆள்வது என்று வந்துவிட்டால் வழக்கும் தீர்க்க வேண்டும், தீர்ப்பதற்கு ஊர் வழக்கம் தெரியவேண்டும். தேசாதிபதி கோர்ணேலிஸ் யோன் சைமன்ஸின் பணிப்பில், யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் இருந்து பழகிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் ஊர் வழக்கங்களை ஒல்லாந்த மொழியில் தொகுத்து 1707 இல் ஒப்படைத்தார். அதுவே தேசவழமை.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது அடுத்து நடந்ததை. தமிழரின் வழக்கம் தமிழர் வாயிலிருந்து கேட்டு ஒல்லாந்தத்தில் எழுதப்பட்டது. பின் யான் பிரூஸ் என்பவர் அதைத் தமிழில் பெயர்த்தார். அந்தத் தமிழ் பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுக்கப்பட்டது. ‘உங்களுடைய வழக்கம் இதுதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேட்கப்பட்டது. தன் முகத்தைப் பிறர் வரைந்த படத்தில் பார்த்து ‘ஓம், நான்தான்’ என்று கையொப்பமிடுவதைப் போன்ற காரியம் இது. முதலியார்கள் ஒப்பினார்கள். அவர்கள் ஆண்கள், காணி உடையவர்கள், அடிமைகளை வைத்திருக்கும் வர்க்கத்தவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. அந்த நூலில் அடிமைகளைப் பற்றி ஒரு பகுதியே உண்டு. அவர்களிடம் எவரும் கொண்டுபோய் ‘இதுதானா உங்கள் வழக்கம்’ என்று கேட்டதாக இல்லை.

பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். 1806 ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணம் தேசவழமைக்குச் சட்டவலு கொடுத்தது, ஆங்கிலத்தில். எங்கள் சொற்கள் ஒல்லாந்தக் காதில் விழுந்து ஆங்கிலப் பேனையில் ஏறியபோது முதுசம் ‘மொதெசியம்’ ஆயிற்று. சீதனம் ‘சிதெனம்’, தேடியதேட்டம் ‘தெதியதெத்தம்’. பார்த்தால் உறவினரைப் பாஸ்போட் படத்தில் பார்ப்பதுபோல் இருக்கும். ஆனால் கவனியுங்கள், சொற்கள் உருமாறினவே தவிர ஆங்கிலச் சொல்லால் ஈடுசெய்யப்படவில்லை. ஏன்? பெற்றார் வழி வந்தது ஒரு வகை, பெண்ணுடன் வந்தது ஒரு வகை, இருவரும் கூடி வாழ்ந்த காலத்தில் தேடியது ஒரு வகை என்று சொத்தைப் பிரிக்கும் குடும்பம் இலண்டனில் இல்லை. குடும்பம் இல்லாத இடத்தில் சொல் எப்படி இருக்கும்? ‘தேடியதேட்டம்’ என்ற சொல் இன்றுவரை ஆங்கிலத் தீர்ப்புகளுக்குள் வேட்டி கட்டியபடியே உட்கார்ந்திருக்கிறது. 1911 இலும் 1947 இலும் சட்டசபையார் அதற்கு வரைவிலக்கணம் சொல்லிப் பார்த்தார்கள். வரைவிலக்கணத்துக்குப் பொருள் என்ன என்று பிறகு நீதியரசர்கள் விவாதித்தார்கள்.

அதே பிரமாணம் இந்தச் சட்டம் யாருக்கு உரியது என்பதை ‘யாழ்ப்பாண மாகாணத்து மலபார் குடிகள்’ என்று சொல்லிற்று. ஐரோப்பியருக்குத் தமிழர் மலபாரியர். கேரளக் கரையில் முதலில் இறங்கியவர்கள், கேட்ட மொழிக்கெல்லாம் அந்தக் கரையின் பெயரையே இட்டார்கள். இந்த ஒரு சொல்லின் பயனாக, மலபார் குடி என்பவர் யார், கொழும்பில் போய்த் தொழில் பார்ப்பவர் யாழ்ப்பாணக் குடியா இல்லையா என்பவை வழக்குகளாயின. 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் தேசவழமை பொருந்தும் ‘தமிழர்’ என்று எழுதினார்கள். எங்கள் சட்டத்துக்குள் எங்கள் பெயர் வர நூறு ஆண்டுக்கு மேல் சென்றது.

மலையாளக் கரை என்றதும் புகையிலை நினைவுக்கு வருகிறது. திருவிதாங்கூருக்கு யாழ்ப்பாணத்திலிருந்து தோணியில் போன பெருஞ் சரக்கு அது. இங்கே அந்தச் சந்தைக்காக விளைவித்துப் பதனிட்ட புகையிலையை ‘மலையாளப் புகையிலை’ என்றார்கள். அங்கே அதே புகையிலைக்குப் பெயர் ‘யாழ்ப்பாணப் புகையிலை’. ஒரே இலை. விற்றவன் வாங்கியவனின் ஊரைப் பெயராக வைத்தான், வாங்கியவன் விற்றவனின் ஊரை வைத்தான். வணிகத்தில் மரியாதை என்பது இதுதானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வந்தவர்கள் விட்டுப்போன சொற்கள் வேறு கதை. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், வாங்கு, துவாய், சப்பாத்து, பாண், ஏலம் எல்லாம் போர்த்துக்கேயர் தந்தவை. கந்தோர், நொத்தாரிசு, லாச்சி, போஞ்சி ஒல்லாந்தர் தந்தவை. பொருளோடு வந்த சொல் பொருளோடு தங்கிவிட்டது, யாரும் கலைச்சொல் ஆக்கவில்லை, யாரும் போராடவும் இல்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ‘வங்குரோத்து’ என்ற சொல்லும் ஒல்லாந்தர் வழி வந்ததென்பர். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியபோது எங்கள் பத்திரிகைகள் அந்தச் சொல்லைத்தான் தலைப்பில் போட்டன. கும்பனி போய் இருநூறு ஆண்டுக்கு மேலான பின்பும் சொல் வேலைக்கு ஆயத்தமாய் நின்றது!

சொல்லைத் தேடி வேண்டுமென்றே உழைத்தவரும் இங்கு இருந்தார். மானிப்பாயில் வைத்தியம் பார்த்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 இல் இலங்கை வந்தவர், 1864 இலிருந்து மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். தம் மாணவர்களோடு சேர்ந்து பாடநூல்களைத் தமிழாக்கினார். 1867 இல் ‘இரண வைத்தியம்’, 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875 இல் ‘கெமிஸ்தம்’. முதலில் தமிழ்ச்சொல், கிடையாவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைவித்தல் என்பது அவர் முறை. இரசாயனத்துக்கு அவர் இட்ட ‘கெமிஸ்தம்’ மூன்றாவது வகை, ஆங்கிலத்துக்கு ‘அம்’ விகுதி சூட்டியது. இன்று கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் ‘அங்காதிபாதம்’ என்பதைச் சற்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எங்கள் பிரபந்தங்களில் இறைவனை முடியிலிருந்து அடிவரை பாடும் ‘கேசாதிபாதம்’ அதில் ஒலிக்கிறதல்லவா? பிணத்தை அறுத்துப் படிக்கும் சாத்திரத்துக்கு, தெய்வத்தின் மேனியைப் பாடும் மரபின் ஓசையில் ஒரு பெயர். மாசச்சூசெற்ஸ் மனிதர் ஒருவரின் நூலில் இது வாய்த்தது அருகில் இருந்த தமிழ் மாணவர்களால்தான் என்று நினைக்கிறேன். அந்தச் சொற்களில் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. 1873 இல் அவர் போனார், பின்னர் ஆங்கிலக் கல்வியே உத்தியோகத்துக்கு வழி என்றாயிற்று. சொல்லுக்கு உத்தியோகம் இல்லாவிட்டால் அதை யார் கட்டுவார்கள்?

மீண்டும் ஆறு பரப்புக்கு வருகிறேன். ஆங்கில உறுதியில் காணியின் அளவு ‘ஆறு லாச்சம் வீ.சீ.’ என்று இருந்தது. வீ.சீ. என்றால் ‘வரகு கல்ச்சர்’. நெல்வயலுக்குப் ‘பீ.சீ.’. வரகுக் கணக்கில் 16 லாச்சம் ஓர் ஏக்கர், நெல்லுக் கணக்கில் 24 லாச்சம் ஓர் ஏக்கர். விதையைக் கொண்டு நிலத்தை அளந்த காலத்தின் மிச்சம் அது. பேரனோ ‘கல்ச்சர்’ என்றதைப் பண்பாடு என்று விளங்கி, வரகுப் பண்பாடு என்பது எங்கள் சமயத்தின் ஒரு பிரிவா என்று கேட்டு எழுதியிருந்தார். அன்று இரவு நான் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்க்கையில், வரகை நட்டு நிலத்தை அளந்தவர்களின் பண்பாடு என்று சொல்வதும் அத்தனை பிழையாகத் தெரியவில்லை.

இப்போது நான் ‘யோசித்து’ என்றேன். இந்தச் சொல் கடல் தாண்டியபோது நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ‘யோசிக்கிறா’ என்றால் கவலைப்படுகிறா என்று பொருள். ‘யோசியாதேங்கோ’ என்றால் மனதைப் போட்டு அலட்டாதேங்கோ என்று பொருள். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் எங்கள் தாய்மார் “ஒரே யோசனை, நித்திரை இல்லை” என்பார்கள். உரைபெயர்ப்பாளர் ‘நிறையச் சிந்திக்கிறார்’ என்று சொல்லிவிட்டால் வைத்தியருக்கு அதில் என்ன நோய் தெரியும்? சிந்திப்பது அங்கே நல்ல குணம்.

அகதி விண்ணப்ப விசாரணைகளில் இது இன்னும் கடுமை. பெரியம்மாவின் மகனும் எங்களுக்கு அண்ணாதான். ‘அண்ணாவை ஆமி பிடிச்சது’ என்று ஒருவர் சொல்ல, ‘சகோதரன்’ என்று எழுதப்படும். பிறகு குடும்ப விபரப் படிவத்தில் சகோதரன் இல்லை. ‘நீர் பொய் சொல்கிறீர்’ என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? உரைபெயர்ப்பாளர் தமிழகத்தவராக இருந்தால் ‘பொலிஸோடை கதைச்சனான்’ என்பதும் ஒரு கணம் தடுக்கும். அங்கே கதை விடுவது பொய் சொல்வது. ‘வெளிக்கிட்டனாங்கள்’ என்பது உடுப்பு மாற்றியதா, வீட்டை விட்டுப் புறப்பட்டதா? எங்களுக்கு இரண்டும் ஒன்றே. ஒரே மொழிக்குள் இந்தப் பாடு என்றால், அந்தக் கதிரையில் தனியே இருந்து, தன் உயிருக்காகப் பேசுபவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

சரி, பேரன் வந்தார். நல்லூர்த் திருவிழாக் காலம். ஒற்றியை மீட்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் வந்தார், நல்ல பிள்ளை. அதற்குள் நான் நீண்ட மின்னஞ்சல் எழுதி ஒற்றி என்றால் என்னவென்று விளக்கியிருந்தேன். விளைவே வட்டி என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அது வியாபாரத்தில் மிக நேரிய ஏற்பாடு என்றுகூடச் சொன்னார்.

அந்த வீட்டு விறாந்தையில் இருந்தோம். தேத்தண்ணி வந்தது. எவ்வளவு தரவேண்டும் என்று பேரன் ஆங்கிலத்தில் கேட்டார், நான் தமிழில் கேட்டேன். கணவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிதான் சொன்னார்: “தம்பி பாத்துத் தாறதைத் தரட்டும்.”

நேயர்களே, இதன் பொருள் உங்களுக்குத் தெரியும். 1989 இல் நாற்பதாயிரத்துக்கு ஒரு காப்பும் சங்கிலியும் போனது, இன்று அந்தக் காசில் ஒரு பவுணின் சிறு துண்டும் வராது, அதை நான் என் வாயால் கேட்கமாட்டேன், கேட்டால் வட்டிக்காரி ஆகிவிடுவேன், நீ அறிந்து செய் என்பதெல்லாம் அந்தப் ‘பாத்து’ என்ற ஒரு சொல்லில் இருந்தன. சந்தையில் மீன்காரரிடமும் நாம் பாத்துக் குடுங்கோ என்றுதான் சொல்கிறோம்.

எனக்கு அந்தக் கணத்தில் ஆங்கிலம் வரவில்லை. வாய்க்கு வந்தபடி, ‘பார்த்துவிட்டுத் தரட்டுமாம்’ என்று சொல்லுக்குச் சொல் சொன்னேன். அவர் தலையாட்டினார். பையிலிருந்து உறுதியின் பிரதியை எடுத்து, தொகை எழுதியிருந்த பக்கத்தைப் பார்த்தார். எட்டு ஐயாயிரம் ரூபாத் தாள்களை எண்ணி, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார். அந்த அம்மாவும் இரண்டு கையாலும் வாங்கிச் சாமிப் படத்தடியில் வைத்தார். அவர் புறப்படும்போது, கனடாவுக்குக் கொண்டுபோக மிளகாய்த்தூள் இடித்துத் தருவதாகச் சொல்லி, அடுத்தநாளே கொடுத்தும் அனுப்பினார்.

படலைவரை என்னோடு வந்த கணவர் மெல்லச் சொன்னார்: “மாஸ்ரர், பிள்ளை பாத்தது கடதாசியை.”

பிழை பிள்ளையுடையதல்ல, என்னுடையது. அவர் ரொறொன்ரோ போய்ச் சேர்ந்தபின் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ‘பாத்து’ என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு பக்கம் போயிற்று. பதில் இன்னும் வரவில்லை.